‘அவனாகத்தானே வந்தான்!’

அடுக்கு மாடிகள் எழுகின்றன. ஆறுகளின் மீது பாலங்கள் நீள்கின்றன. சென்னை மாநகரின் நிலத்துக்கடியில் இரயில் ஓடச் சுரங்கம் குடைகின்றனர். திருப்பூரில் பனியன் தைக்கப்படுகிறது. கோவையில் ஆலைச் சங்கு ஊதுகிறது. காவிரிப் படுகையின் வயல்களிலே நாற்று நடப்படுகிறது. இவற்றைச் செய்து முடிக்கும் கரங்களிலே பல, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் ஆகிய இடங்களிலிருந்தும் வந்த கரங்கள்.

மாடி எழுகிறது, எழுப்பியவன் அதன் நிழலிலே தகரக் கொட்டகையில் ஒண்டிக் கிடக்கிறான். பத்துப் பேர் படுக்கும் இடத்திலே இருபது பேர். பேசிய கூலி ஒன்று, கைக்கு வரும் கூலி வேறொன்று. கால் தவறி விழுந்தால் கட்டுப் போட ஆளில்லை. ஏன் இந்த நிலை என்று கேட்டுப் பாருங்கள். ஆயத்தமாக இருக்கிறது விடை: ‘அவனாகத்தானே வந்தான்! வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர் யார்?’

மேஸ்திரி சொல்கிறான் இதை. முதலாளி சொல்கிறார். அதிகாரி சொல்கிறார். ஏன், தேநீர்க் கடை வாயிலிலே நின்று நாட்டு நடப்புப் பேசும் நம்மவரும் சொல்கின்றனர். நாட்டின் சட்டமே நாற்பத்தைந்து ஆண்டுக் காலம் இதைத்தான் சொல்லி வந்தது. பெரியோர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதவர் நாம். எல்லோரும் சொல்கின்றனர் என்பதற்காக மட்டும் இதை ஏற்கலாமோ? எடுத்து நிறுத்துப் பார்ப்போம்.

மடையைத் திறந்தால் நீர் பாய்கிறது. ‘நீர் தானாகப் பாய்ந்தது’ என்பது பொய்யன்று. முழு உண்மையும் அன்று. மடையைத் திறந்த கை எது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை நிறைவு பெறும்.

பீகாரின் மடையைத் திறந்த கைகள் பல. 1793இல் கார்ன்வாலிஸ் வகுத்த சாசுவத நிலவரித் திட்டம், வங்கத்திலும் பீகாரிலும் வரி தண்டிக் கொடுத்தவனை நிலத்துக்கு உடையவனாக்கிற்று, உழுதவனை வெறுங்கையனாக்கிற்று. அன்று தொடங்கிய ஓட்டம், மொரிசியசின் கரும்புத் தோட்டம் வரையிலும், கல்கத்தாவின் சணல் ஆலை வரையிலும் சென்றது. வெள்ளையன் போனான், ஓட்டம் நிற்கவில்லை. விடுதலை பெற்ற நாட்டின் டில்லித் துரைத்தனம், 1950களிலே சரக்குக் கட்டணச் சமன் கொள்கை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நிலக்கரி, எஃகு போன்ற பொருள்கள் எவ்வளவு தொலைவு சென்றாலும், வாங்குபவருக்குச் சுமை ஒன்றே என்பது அதன் சாரம். நாடெங்கும் தொழில் பரவட்டும் என்பது நோக்கம். நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. விளைவைப் பார்ப்போம்.

கனி வளம் குவிந்து கிடந்த பீகாரிலே – இன்றைய ஜார்க்கண்டும் அன்று அதனுள் அடக்கம் – சுரங்கத்தின் பக்கத்திலேயே தொழிற்சாலை அமைப்பதால் கிடைத்திருக்க வேண்டிய ஆதாயம் பறிபோயிற்று. நிலக்கரி தொலைதூரம் போயிற்று; தொழிலும் அதன் பின்னே போயிற்று. மேற்கிலும் தெற்கிலும் விளைந்த பருத்திக்கு அத்தகைய சமன் செய்யப்படவில்லை. 1990களின் தொடக்கத்திலே அக்கொள்கை கைவிடப்பட்டபோது, நாற்பது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. முதலில் நிலக்கரி வெளியேறிற்று. பிறகு அதை வெட்டியவனின் மகன் வெளியேறினான். இதற்குக் கட்டணக் கொள்கை ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. நிலம் சிலர் கையிலே சிக்கியது காரணம். சாதி ஏணியிலே கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டோருக்குச் சொந்த ஊரிலே கூலியும் இல்லை, மானமும் இல்லை என்பது காரணம். மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவோர் யார் என்று பாருங்கள். நிலமற்றோர், தாழ்த்தப்பட்டோர், பிற்பட்டோர், பழங்குடியினர். காணி நிலமும் கல்விச் செல்வமும் உடையவன் பொதுப் பெட்டியின் கழிவறை வாயிலிலே குந்திக்கொண்டு இரண்டு நாள் பயணம் வருவானோ?

ஆகவே ‘அவனாக’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கிறோம். பின்னாலிருந்து பசி தள்ள, முன்னே வேறு வழி இல்லாதபோது, ஒருவன் எடுத்து வைக்கும் அடியை அவனுடைய விருப்பம் என்று கூறலாமா?

இது நாம் மட்டும் எழுப்பும் கேள்வி அன்று. 1982இல் டில்லியிலே ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்கென அரங்கங்களும் மேம்பாலங்களும் அவசரமாகக் கட்டப்பட்டன. பல மாநிலங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட தொழிலாளிக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்து வந்த ஜமேதார்கள் தலைக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொள்ள, எஞ்சியதே அவன் கைக்கு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, நாம் எழுப்பிய கேள்விக்கே விடை கூறிற்று. சவுக்கால் அடித்து வேலை வாங்குவது மட்டுமே கட்டாயம் அன்று. பட்டினியும் ஒரு சவுக்கே. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கப்படும் உழைப்பு, அரசியல் சட்டத்தின் 23ஆவது விதி தடை செய்த கட்டாய உழைப்பே – இதுவே அத்தீர்ப்பின் கருத்து. ‘அவனாகத்தானே ஒப்புக்கொண்டான்’ என்ற வாதம் அன்றே நாட்டின் உயர்ந்த மன்றத்திலே உடைந்துவிட்டது. மன்றத்திலே உடைந்தது, மனத்திலே உடையவில்லை.

சட்டம் இல்லாமற் போயிற்றோ என்றால், அதுவும் இல்லை. ஒடிசாவிலிருந்து ஆள்பிடி முறையிலே கூட்டங் கூட்டமாக அழைத்துச் செல்லப்பட்டோர் பட்ட துயரைக் கண்டு, 1979இல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்க்கென்றே ஒரு சட்டம் இயற்றினர். படித்துப் பார்த்தால் பரவசம் பிறக்கும். உள்ளூர்த் தொழிலாளிக்கு என்ன கூலியோ, அதே வேலைக்கு அதே கூலி. ஊர் விட்டு வந்ததற்கென மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது. போக வரப் பயணப்படி. குடியிருக்க இடம், கட்டணமின்றி மருத்துவம். படம் ஒட்டிய கணக்குப் புத்தகம் – அதுவும் அவன் தாய்மொழியில்!

எழுத்திலே இத்தனை கனிவு. நடப்பிலே? சட்டம் 1980 அக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நாட்டை ஆள்வோர் குடியிருக்கும் டில்லியிலே அதற்குரிய விதிகள் 1982 சூன் வரையிலே நடைமுறைக்கு வரவில்லை. மீறியவனுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை தண்டம். கோடிகளிலே கட்டடம் கட்டுபவனுக்கு ஆயிரம் ரூபாய் அச்சம்! இவற்றையெல்லாம்விடப் பெரிய ஓட்டை, சட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஒப்பந்தக்காரன் மூலமாக வந்தவனுக்கே அச்சட்டம் காப்பு. தானாக வந்தவனுக்கு இல்லை. போதாதோ மேஸ்திரிக்கு? ஊருக்கே ஆளனுப்பி, முன்பணம் கொடுத்து, இரயிலேற்றி அழைத்து வந்தவன், அதிகாரி கேட்கும்போது கையை விரித்தான்: ‘எனக்குத் தெரியாது ஐயா, அவனாகத்தானே வந்தான்!’ அந்த ஒரு சொல்லிலே கூலிச் சமன் போயிற்று, பயணப்படி போயிற்று, கணக்குப் புத்தகம் போயிற்று.

கணக்கிலே இல்லாதவன் கண்ணுக்கும் தெரியமாட்டான் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. மார்ச் 24ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பெருந்தொற்றைத் தடுக்கத் தடை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அன்றாடங்காய்ச்சிக்கு நான்கு மணி நேரமே தவணை கொடுத்தவர்கள், அவன் ஐந்தாம் மணியிலே எதை உண்பான் என்று எண்ணிப் பார்த்தனரா என்று கேட்கிறோம். வேலை நின்றது, கூலி நின்றது, இரயில் நின்றது. நிற்காதது வயிறு ஒன்றுதான். நடந்தான். நூறு கல், ஐந்நூறு கல், ஆயிரம் கல் தொலைவு, தலையிலே மூட்டையும் தோளிலே குழந்தையுமாக நடந்தான். மார்ச் 31ஆம் நாள், சாலையிலே நடப்போர் இப்போது எவருமில்லை என்று அரசின் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்திலே கூறினார். சாலையோ வேறு கூறிற்று.

மே 8ஆம் நாள் மராட்டியத்தின் ஔரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்திலே படுத்துறங்கிய தொழிலாளர் 16 பேர் மீது சரக்கு வண்டி ஏறிச் சென்றது. தண்டவாளத்திலே படுத்தால் எவர்தாம் தடுக்க முடியும் என்ற கேள்வி நீதிமன்றத்திலேயே எழுந்தது. வந்தபோது ‘அவனாகத்தானே வந்தான்’. போனபோது ‘அவனாகத்தானே நடந்தான்’. செத்தபோது ‘அவனாகத்தானே படுத்தான்’! மே 26ஆம் நாள் அதே நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மே முதல் நாளிலிருந்து ஆகஸ்டு வரை 4,621 தனி இரயில்களில் 63 இலட்சம் பேர் ஊர் திரும்பினர் என்று கணக்குக் காட்டிய அரசு, ஊர் திரும்பும் வழியிலே மாண்டோர் எத்தனை பேர் என்று செப்டம்பரிலே நாடாளுமன்றத்திலே கேட்கப்பட்டபோது, அத்தகைய கணக்கு இல்லை என்றது. ஏற்றிச் சென்ற வண்டிக்குக் கணக்குண்டு. ஏறாமலே மடிந்தவனுக்குக் கணக்கில்லை.

அதன் பின்னர் சில நன்மைகள் விளைந்தன, மறைக்க மாட்டோம். 2019இல் நான்கு மாநிலங்களிலே தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாடு, 2022 நடுவிலே எல்லா மாநிலங்களுக்கும் பரவிற்று. தன் ஊர் அட்டையைக் காட்டி வந்த ஊரிலே தானியம் பெறலாம். நீதிமன்றம் 2021 சூனிலே ஆணையிட்டபின், அந்த ஆகஸ்டிலே அமைப்புசாராத் தொழிலாளர்க்கான இ-ஷ்ரம் பதிவேடு திறக்கப்பட்டது. 30 கோடிக்கு மேற்பட்டோர் அதிலே பெயர் பதிந்துள்ளனர். 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ‘தானாக வந்தவனும்’ புலம்பெயர்ந்த தொழிலாளியே என்று ஒப்புக்கொண்டது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அந்தச் சொல்லின் பொய்மையைச் சட்டமே ஏற்றது!

மகிழ்ந்து முடிப்பதற்குள் மறுபக்கத்தையும் புரட்ட வேண்டியிருக்கிறது. முன்னர் ஐந்து புலம்பெயர்ந்தோர் இருந்தாலே பாய்ந்த சட்டம், இனிப் பத்துப் பேர் இருந்தால்தான் பாயும். ஊர் விட்டு வந்ததற்கான படி மறைந்துவிட்டது. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவன் புலம்பெயர்ந்தவன் அல்லனாம். தானிய உரிமையோ 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி. எத்தனை பேருக்கு என்பது 2011 மக்கள் தொகையைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. அதன் பின்னர் பெருகிய ஏழைகளின் பசியை எந்த ஏட்டிலே எழுதுவது?

ஓட்டுரிமையின் கதை இன்னும் விந்தை. வழக்கமாக எங்கே வசிக்கிறானோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டின் சட்டம். ஆறு மாதம் திருப்பூர், இரண்டு மாதம் ஊர், அடுத்து சூரத் என்று அலைபவன் எங்கே ‘வழக்கமாக’ வசிக்கிறான்? இருந்த இடத்திலிருந்தே ஓட்டளிக்க ஒரு பொறியைத் தேர்தல் ஆணையம் 2022 இறுதியிலே அறிவித்தது. 2023 சனவரியிலே கட்சிகளைக் கூட்டியது. கட்சிகளிடையே உடன்பாடு பிறக்கவில்லை. 2025இல் பீகாரின் வாக்காளர் பட்டியலைத் திருத்தியபோது, வரைவுப் பட்டியலிலே விடுபட்டோர் ஏறத்தாழ 65 இலட்சம். அவர்களிலே 36 இலட்சம் பேர் நிலையாக இடம் பெயர்ந்தோர் அல்லது காணப்படாதோர் என்றனர். ஓட்டில்லாதவன் கண்ணீர் எந்த ஆட்சியாளரின் கோட்டையையும் நனைப்பதில்லை.

இத்தனை முரண்பாட்டுக்கும் வேர் ஒன்றே. உரிமையை நாம் மனிதனிடம் கொடுக்கவில்லை. மண்ணிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். ரேஷன் ஊருக்கு, ஓட்டு ஊருக்கு, பள்ளி ஊருக்கு, நலவாரியம் ஊருக்கு! மனிதன் நகர்கிறான், உரிமை அங்கேயே வேரூன்றி நிற்கிறது. நாடெங்கும் செல்லவும் குடியிருக்கவும் அரசியல் சட்டத்தின் 19ஆவது விதி உரிமை தருகிறது. போகலாம், ஆனால் எதையும் எடுத்துப் போகக்கூடாது என்றால், அது உரிமையா, நாடு கடத்தலா?

‘சரி, அவன் நிலை இரங்கத்தக்கதுதான், ஆனால் நம் ஆள் கூலியை அவன் கெடுக்கிறானே’ என்று கேட்போர் உண்டு. அவர்கள் கவலை பொய்யன்று. உள்ளூர்ப் பாட்டாளியின் அடுப்பும் நமக்கு முக்கியம். ஆனால் கூலியை நிர்ணயிப்பவன் வாங்குபவனா, கொடுப்பவனா? ஒரு வேலைக்கு இரண்டு கூலி வைத்து, குறைந்த கூலிக்காரனைக் காட்டி நிறைந்த கூலிக்காரனை அச்சுறுத்துபவன் எவனோ, அவனல்லவா கெடுப்பவன்! வந்தவனுக்கும் இருப்பவனுக்கும் ஒரே கூலி என்பதைக் கண்டிப்பாக நிறைவேற்றினால், முதலாளிக்கு வந்தவன் மேல் உள்ள மையல் அன்றே தணியும். வந்தவனின் உரிமை, இருப்பவனின் வயலுக்கு வேலி. வேலியைப் பிடுங்கிவிட்டு, ஆடு மேய்கிறதே என்று ஆட்டை நோவதிலே பயனென்ன? வெளியாரை விலக்கினாலே போதும் என்று 2020இல் அரியானா, தனியார் வேலைகளில் நூற்றுக்கு 75ஐ உள்ளூராருக்கு ஒதுக்கிச் சட்டம் செய்தது. 2023 நவம்பரிலே உயர் நீதிமன்றம் அதை வெட்டியெறிந்தது.

வடக்கே இருப்போர் நம்மைச் சுரண்டினர் என்று பேசிய நாமா அவனுக்காக வாதாடுவது என்றும் சிலர் வினவுவர். நன்றாகக் கேளுங்கள் தோழர்களே! நாம் குற்றம் சாட்டியது ஆதிக்கத்தை. டில்லியின் அதிகாரமும், பெருமுதலாளியின் பெட்டியும் ஆதிக்கம். தன் மண்ணின் நிலக்கரியையே பறிகொடுத்துவிட்டுச் சட்டி பானையோடு சென்ட்ரலில் இறங்குபவனா ஆதிக்கக்காரன்? இந்தித் திணிப்பை எதிர்த்தோம், 1965இல் உயிரும் கொடுத்தோம், இனியும் எதிர்ப்போம். ஆனால் திணிப்பது அதிகாரத்தின் கை; பேசுவது பசித்தவனின் வாய். அவனிலே பலருக்கு இந்தியே தாய்மொழி அன்று. வீட்டிலே மைதிலியும் சந்தாலியும் ஒடியாவும் பேசுபவன், அவன். கையை எதிர்க்க வேண்டியவர் வாயை அடிப்பது வீரமன்று.

நாம் அந்த இடத்திலே நின்றதில்லையா? கோலார் தங்கவயலின் ஆழத்திலே இறங்கியவன் யார்? பம்பாயின் தாராவியிலே தோல் பதனிட்டவன் யார்? தமிழன்! 1966இல் பம்பாயிலே, தென்னாட்டார் வேலையைப் பறிக்கின்றனர் என்று முழக்கமிட்டு ஓர் அமைப்பு கிளம்பிற்று. அவர்களுடைய கடைகள் தாக்கப்பட்டன. அவர்கள் உடையும் மொழியும் ஏளனம் செய்யப்பட்டன. அன்று நம் நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானால், இன்று ‘வடக்கன்’ என்று ஒருவனை எள்ளும்போது நாம் எந்த நியாயத்திலே நிற்கிறோம்? 2023 தொடக்கத்திலே, தமிழ்நாட்டில் பீகாரியர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்ப் படங்கள் பரப்பப்பட்டன, அரசு மறுத்தது, பீகாரிலிருந்து குழு வந்து பார்த்துப் பொய் என்று கண்டது. பொய் தோற்றது நன்று. ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டவுடனே ஆயிரக்கணக்கானோர் அஞ்சினரே, ஏன்? அச்சம் முளைப்பதற்கு ஏளனம் எருவிட்டிருந்தது.

கேரளத்தார் அவர்களை ‘விருந்தினத் தொழிலாளர்’ என்றழைக்கின்றனர். 2017இல் காப்பீட்டுத் திட்டமும் வகுத்தனர். வசைச் சொல்லைவிட விருந்துச் சொல் எவ்வளவோ மேல். ஆயினும் நமக்கு அதுவும் நிறைவு தரவில்லை. விருந்தினனை உபசரிப்பது நம் பெருந்தன்மை. என்றைக்குப் புறப்படுகிறாய் என்று கேட்பதும் நம் உரிமை. பாட்டாளி கேட்பது பெருந்தன்மை அன்று. உழைத்தான், கூலி கேட்கிறான்; வாழ்கிறான், வாழ்வோர்க்குள்ள உரிமை கேட்கிறான்.

2014 சூன் 28ஆம் நாள் சென்னையை அடுத்த மவுலிவாக்கத்திலே கட்டிக்கொண்டிருந்த மாடி சரிந்து 61 உயிர்கள் மடிந்தன. ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தோர் அவர்களிடையே இருந்தனர். 2025 செப்டம்பர் 30ஆம் நாள் எண்ணூரிலே அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் மாண்டனர். அசாமிலிருந்து வந்தோர் அவர்களுள் இருந்தனர். எங்கள் வீட்டில் ஒளிர வேண்டிய விளக்குக்காக எவர் வீட்டு விளக்கோ அணைகிறது. இடிபாட்டிலே கிடப்பவன் எந்த ஊரான் என்று கேட்டு இரங்குவோமோ?

ஆட்சியாளர் செய்ய வேண்டுவன பல, வலியுறுத்துவோம். இளைஞர் நாம் செய்யத்தக்கனவும் உண்டு. நம் தெருவிலே எழும் கட்டடத்தில் எத்தனை பேர், எவ்வளவு கூலி, எங்கே தங்குகின்றனர் என்று கேட்போம். கேட்க ஆளிருக்கிறது என்று தெரிந்தாலே பாதிக் கொடுமை குறையும். நலவாரியத்திலும் பதிவேட்டிலும் பெயர் சேர்க்கப் படிவம் நிரப்பிக் கொடுப்போம். அவர்தம் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்து வருவோம். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று எந்த அரசுப் பள்ளியும் அவர்களைத் திருப்பியனுப்பக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பள்ளியிலே பாடம் சொல்லும் நாம் அறிவோம்: அந்தச் சிறுமி சில திங்களிலே ‘அம்மா’வும் ‘ஆடு’ம் எழுதிவிடுகிறாள். அவளுக்குத் தமிழைத் தருவது திணிப்பன்று, துணை. அவளுடைய மொழியை இழிவாகப் பேசாதிருப்பதே நாம் தமிழுக்குச் செய்யும் பெருமை. உள்ளூர்த் தொழிற்சங்கத் தோழர்கள், வந்தவனையும் உறுப்பினனாக்கட்டும். இருவர் ஒன்றானால், ஒருவனைக் காட்டி மற்றவனை மிரட்டும் வித்தை முடிந்தது.

பிறப்பினாலே ஒருவனைத் தாழ்த்தாதே என்று கூறி வளர்ந்தவர்கள் நாம். பிறந்த சாதியால் தாழ்த்துவது பாவம் என்று ஒப்புக்கொண்டு, பிறந்த ஊரால் தாழ்த்துவதைப் பொறுத்துக்கொண்டால், கொள்கையை நாம் பாதிதான் கற்றோம் என்று பொருள். இனி எவரேனும் ‘அவனாகத்தானே வந்தான்’ என்றால், மறுக்க வேண்டாம். ‘ஆம், வந்தான். வந்தவன் மனிதன், அவனுடன் அவன் உரிமையும் வந்தது’ என்று அழுத்தமாகச் சொல்வோம்!